கேஸ் ஏற்றும் முன் பாருங்கள்: கார் ஏசி கோளாறும் அதன் அறிகுறிகளும்

பங்குனி பிறந்ததும் பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் அல்லது மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குப் போய்வருகிறவர்களுக்குக் கார் ஏசியின் நினைப்பு வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தாலும் சரி, கிணத்துக்கடவிலிருந்து வந்தாலும் சரி, ஒர்க்ஷாப்பில் வண்டியை நிறுத்தியதும் சொல்வது ஒன்றுதான்: "கூலிங் பத்தலைங்ணா, கேஸ் மட்டும் ஏத்தி உடுங்க."

பணம் வீணாவது அங்கேதான் தொடங்குகிறது. ஏசி கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கேஸ் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். கேஸ் சரியாகவே இருந்து, வேறு காரணத்தால் குளிராத வண்டிகளும் நிறைய. அதில் மேலும் கேஸ் ஏற்றினால் இருக்கிற குளிர்ச்சியும் போகும். அதனால் அறிகுறியை முதலில் பாருங்கள். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டுவது அதற்கு அப்புறம்.

ஏசி எப்படி வேலை செய்கிறது

கம்ப்ரஸர் கேஸை அழுத்துகிறது, அழுத்தியதில் அது சூடாகிறது. அந்தச் சூட்டை ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட, கேஸ் திரவமாகிறது. டிரையரில் ஈரமும் தூசும் நின்றுவிடும். பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலுக்குப் போகும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி, திரவம் கொதித்து ஆவியாகிறது. கார் ஏசி கேஸ் வகைகளில் ஒன்றான ஆர்134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியாகத் தேவையான வெப்பத்தை அது காருக்குள் இருக்கிற காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

ஆக, கோளாறு மூன்றில் ஒன்று: கேஸ் சரியாகச் சுற்றவில்லை, அல்லது முன்னால் சூடு வெளியேறவில்லை, அல்லது கூலிங் காயில் மேல் காற்று போகவில்லை. எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லாவற்றுக்கும் முன்: ஒரு தெர்மாமீட்டர், இரண்டு குழாய்

வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசியை முழுக்குளிரில் வைத்து, உள்காற்றே சுற்றும்படி ரீசர்க்குலேஷன் போட்டு, ஆக்ஸிலரேட்டரை 1500 ஆர்பிஎம் அளவில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். நம் ஊர் வெயிலில் 5 முதல் 10 டிகிரி வரை இறங்கினால் ஏசி நன்றாக இருக்கிறது. 12, 13 என்றால் எங்கேயோ குறை. 18-க்கு மேலேயே நின்றால் கோளாறு உறுதி.

அடுத்து பானட்டைத் திறவுங்கள். டாஷ்போர்டு தடுப்புச் சுவரை நோக்கி இரண்டு அலுமினியக் குழாய் போகும், ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது. தடித்த குழாயைத் தொட்டால் ஜில்லென்று, வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்க வேண்டும். மெல்லியது வெதுவெதுப்பிலிருந்து சூடு வரை இருக்கும். தடித்தது ஜில்லென்று இருந்தும் உள்ளே வரும் காற்று குளிரவில்லை என்றால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கோளாறு டாஷ்போர்டுக்குள். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் கேஸ் சுற்றவில்லை.

தொடும்போது கவனம். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாய் கையைச் சுட்டுவிடும். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும். துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் அந்தப் பக்கம் தொங்கக் கூடாது.

ஓடும்போது குளிர்கிறது, நின்றால் அனல்

எங்கள் பக்கம் அதிகமாக வருவது இதுதான். பைபாஸில் போகும்போது குறை ஒன்றும் தெரியாது. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றதும் வென்ட்டிலிருந்து வெதுவெதுப்பான காற்று வர ஆரம்பிக்கும். வண்டி ஓடும்போது எதிர்காற்றே கண்டென்சரைக் குளிர்வித்துவிடுகிறது. நின்றதும் அந்த வேலையை ஃபேன் ஒன்றே செய்ய வேண்டும். எனவே சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: ஃபேன், கண்டென்சர் அழுக்கு.

ஏசி சுவிட்சைப் போட்டதும், அல்லது கொஞ்ச நேரத்திலேயே, ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள். ரிலேயை அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்பவும் ஓடாவிட்டால் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்துவிடலாம். மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இரண்டு வேகத்தில் ஓடும் ஃபேனில் ஒரு வேகம் மட்டும் செத்திருக்கலாம். அதனால் ஃபேன் சுற்றுகிறது என்பதோடு விட்டுவிடாமல், வேகமாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

ஃபேன் நன்றாக இருந்தால் டார்ச் எடுத்துக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மேலிருந்து அடியுங்கள். பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு சுற்றுவட்டாரத்தில் தேங்காய் நார் மில் இல்லாத சாலை குறைவு. வெயிலில் காயவைத்த நார்த் தூள் காற்றில் பறந்து வந்து கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் புகுந்துகொள்கிறது. மழை, பனி, எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்ததும் அது கம்பளி மாதிரி ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். படலம் இருப்பது பின்பக்கத்திலும் ரேடியேட்டர் முகத்திலும். விரலை விட்டுச் சுரண்டினால் தகடு தகடாக உரிந்து வரும். கணவாய்க் காற்று பலமாக வீசும் மாதங்களில் இது சீக்கிரம் சேரும்.

இதை உறுதி செய்ய எளிய சோதனை இருக்கிறது. வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, வென்ட்டில் தெர்மாமீட்டர் இருக்க, கண்டென்சரின் முன்பக்கத்தில் ஹோஸால் பூப்போலத் தண்ணீர் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் வென்ட் காற்று மளமளவென்று குளிர்ந்தால் கேஸில் பெரிய குறை இல்லை, முன்னால் சூடு வெளியேறுவதில்தான் தடை. தண்ணீர் தெளித்தும் மாற்றம் இல்லை என்றால் அடுத்த அறிகுறிகளுக்குப் போங்கள்.

கழுவுவதற்கும் முறை உண்டு. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முடிந்தால் ரேடியேட்டரின் மேல் கிளாம்பைக் கழற்றிக் கொஞ்சம் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். முன்னாலிருந்து அடித்தால் தூள் இன்னும் உள்ளேதான் போகும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடிக்க விடாதீர்கள். தகடெல்லாம் ஒரே பக்கம் படுத்துவிட்டால் காற்று போக வழியே இருக்காது. ஆசிட், காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தைத் தின்றுவிடும். நார் மில் பக்கம் தினமும் போய்வரும் வண்டிக்கு வருடம் ஒரு முறையாவது, கோடைக்கு முன்னால், இதைச் செய்துவிடுங்கள்.

காற்று வருகிறது, குளிர்ச்சி சுத்தமாக இல்லை

ஏசி சுவிட்சைப் போடும்போது கம்ப்ரஸர் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கம்ப்ரஸரின் முன்தட்டு அதுவரை நின்று, அந்தச் சத்தத்தோடு புல்லியோடு சேர்ந்து சுற்றும். அதுதான் மேக்னெட் கிளட்ச். கிளட்ச் இல்லாத, எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் கம்ப்ரஸர் சில புதிய கார்களில் உண்டு. அவற்றில் இந்தச் சோதனை செல்லாது, கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

சத்தம் வரவில்லை என்றால் ஏசி ஃப்யூஸ், ரிலே. அடுத்து கிளட்ச் வயரில் டெஸ்ட் லாம்ப். கரண்ட் வருகிறது, ஆனால் கிளட்ச் ஒட்டவில்லை என்றால் கிளட்சின் மின்காந்தக் காயில் எரிந்திருக்கலாம், அல்லது தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். இந்த இடைவெளி பெரும்பாலான கம்ப்ரஸர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்தான். வருடக்கணக்கில் தேய்ந்து அது கூடிவிட்டால், காலையில் ஒட்டும் கிளட்ச் மதியம் சூடானதும் ஒட்டாது. "காலைல நல்லாருக்குதுங், மத்தியானம் மட்டும் வேலை செய்ய மாட்டேங்குதுங்" என்று யாராவது சொன்னால் முதலில் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜைத்தான் எடுக்க வேண்டும். தட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றைக் கழற்றினாலே பல கம்ப்ரஸர்களில் சரியாகிவிடும். இதற்குப் புது கம்ப்ரஸர் மாற்றுவது அநியாயம்.

கிளட்சுக்குக் கரண்டே வரவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச் தடுக்கிறதா என்று பாருங்கள். கேஸ் மிகவும் குறைந்தால் கம்ப்ரஸர் ஆயில் இல்லாமல் ஓடி ஜாம் ஆகக்கூடாது என்று அந்தச் சுவிட்ச்தான் தடுக்கிறது. அதை வயர் போட்டு ஷார்ட் செய்து ஓட்டுவது கம்ப்ரஸரைக் கொல்லும் வேலை. தோப்புக்குள் வீடு இருப்பவர்கள் எலி கடித்த வயரையும் மறக்காமல் தேட வேண்டும். பானட்டுக்குள் தேங்காய் நார்க் கூடு தென்பட்டால் வயரிங்கை முழுசாகத் தடவிப் பாருங்கள்.

கிளட்ச் ஒட்டுகிறது, தடித்த குழாய் ஜில்லென்று இருக்கிறது, உள்ளே மட்டும் அனல் என்றால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் சூடு-குளிர் கலக்கும் ஃப்ளாப் ஹீட்டர் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது. கேபிள் கழன்றிருக்கும், அல்லது அதை நகர்த்தும் சின்ன மோட்டார் போயிருக்கும்.

கம்ப்ரஸர் நிமிடத்துக்குப் பல தடவை ஒட்டி விடுகிறது

டக் என்று ஒட்டும், சில விநாடியில் விட்டுவிடும், மறுபடி ஒட்டும். குளிர்ச்சி அரைகுறை. கேஸ் குறைந்ததற்கு இது நல்ல அடையாளம். இங்கேதான் கேஜ் மாட்ட வேண்டும்.

இன்ஜின் ஆறி நிற்கும்போது, 30 டிகிரி வெப்பநிலையில், ஆர்134ஏ இருக்கும் சிஸ்டத்தில் இரண்டு கேஜும் 95 முதல் 100 பிஎஸ்ஐ காட்டும். இதை வைத்துக் கேஸ் முழுசாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் அதே அளவில்தான் நிற்கும். அளவு குறைந்திருப்பது ஓடும்போதுதான் வெளிப்படும்.

ஓடும்போது லோ பக்கம் (குறைந்த அழுத்தம்) 25 முதல் 45, ஹை பக்கம் (அதிக அழுத்தம்) 150 முதல் 250 பிஎஸ்ஐ வரை இருப்பது பொதுவாகச் சரி. வெயில் ஏறினால் ஹை பக்கமும் ஏறும். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடிவிட்டது, காற்று உள்ளே புகுந்திருக்கிறது, அல்லது கண்டென்சர் அடைத்திருக்கிறது. லோ உயர்ந்து ஹை தாழ்ந்து நின்றால் கம்ப்ரஸருக்கு வலு இல்லை. லோ பக்கம் வேக்யூமுக்கே போனால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு.

கேஸ் குறைவுதான் என்று தெரிந்ததும் ஓட்டையைத் தேடுங்கள். கேஸ் தனியாகக் கசியாது, கம்ப்ரஸர் ஆயிலையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். அந்த ஆயிலில் ரோட்டுத் தூசு ஒட்டி, கறுத்த ஈரத்திட்டாக நிற்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்முகம், கண்டென்சரின் கீழ்மூலைகள், கேஸ் ஏற்றும் வால்வின் மூடிக்குள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்டென்சரில் கல் தெறித்த இடம் அடிக்கடி மாட்டும். வால்வு பின் கசிவு ரொம்ப மலிவான கோளாறு, ஆனால் அதையே பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் சோப்பு நுரை, புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் யூவி டை, எலக்ட்ரானிக் டிடெக்டர். வெளியே எங்கேயும் கிடைக்காவிட்டால் கூலிங் காயில்தான் மிச்சம்.

அழுத்திச் சோதிக்க நைட்ரஜன் மட்டும்தான், அதுவும் ரெகுலேட்டர் வைத்து, 150 பிஎஸ்ஐ அளவில். வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும், ஆள் சாவான். அப்படிச் செய்கிற கடையைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதலில் நல்ல குளிர், முக்கால் மணி நேரத்தில் காற்றே குறைந்துவிடுகிறது

ப்ளோயர் சத்தம் அப்படியே இருக்கும், வென்ட்டில் காற்று மட்டும் வராது. கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டிவிட்டது. ஏசி சுவிட்சை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓடவிடுங்கள். பத்து நிமிடத்தில் காற்று திரும்பி வந்து, வண்டிக்கு அடியில் நிறையத் தண்ணீர் கொட்டினால் சந்தேகம் தீர்ந்தது.

முதலில் ஏசி ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். நார்த் தூள் பறக்கும் ஊரில் 10,000 கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் 5,000-லேயே வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. ஃபில்டர் சுத்தம் என்றால், காயில் உறைநிலைக்கு வரும்போது கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லும் சென்சார் அடுத்த சந்தேகம். கேஸ் கொஞ்சம் குறைந்தாலும் காயிலின் ஒரு மூலை உறையும்.

ப்ளோயர் கடைசி நம்பரில் மட்டும் ஓடுகிறது

ப்ளோயர் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. மாற்றுங்கள், சின்ன வேலை. எந்த நம்பரிலும் ஓடவில்லை என்றால் ஃப்யூஸ், பிறகு மோட்டார்.

காலடியில் தண்ணீர், உள்ளே நாற்றம்

பக்கத்து சீட்டுக்காரர் காலடி மேட் நனைந்திருந்தால் டிரெயின் ஹோஸ் அடைப்பு. கூலிங் காயிலில் சேரும் தண்ணீர் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். இலைத்தூளும் மண்ணும் அடைத்தால் உள்ளே வழியும். அடியிலிருந்து மெல்லிய நைலான் கம்பியை விட்டு எடுங்கள். கூர்மையான கம்பியை ஆழமாகக் குத்தினால் காயிலைத் துளைத்துவிடும். தை மாத வறண்ட காற்றில் தண்ணீர் குறைவாகத்தான் சொட்டும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

ஈரத் துணி நாற்றம் என்றால் காயிலில் பூஞ்சை. ஃபில்டர் மாற்றி, காயிலுக்கு ஃபோம் கிளீனர் அடிக்க வேண்டும். வாசனைத் திரவியம் மாட்டி மறைப்பதில் பயனில்லை, குழந்தைகள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும். நாற்றம் இனிப்பாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுவென்று படிந்தால் அது ஏசி கோளாறு இல்லை. ஹீட்டர் காயிலிலிருந்து கூலன்ட் கசிகிறது. தள்ளிப் போடாதீர்கள்.

மலை ஏறும்போது ஏசி நின்றுவிடுகிறது

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது இன்ஜின் வலுவுக்காகக் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரைச் சில விநாடி நிறுத்துவது பல கார்களில் இயல்பு. சமதளம் வந்ததும் தானே வந்துவிடும். ஆனால் டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஏறினால் ஏசியை மறந்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். கூலன்ட், தெர்மோஸ்டாட், ஃபேன் இவற்றில் கோளாறு. ஏறும்போது கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஏசி போட்டால் மட்டும் கரகரவென்று அரைக்கும் சத்தம் என்றால் கம்ப்ரஸரின் உட்பாகம் தேய்கிறது. அப்படியே ஓட்டினால் உலோகத் தூள் சிஸ்டம் முழுக்கப் பரவி கண்டென்சர், வால்வு எல்லாவற்றையும் மாற்ற வைக்கும்.

கேஸ் ஏற்ற வேண்டிய நேரத்தில்

ஓட்டையை அடைத்த பிறகுதான். குழாயைத் திறந்து வேலை பார்த்திருந்தால் இணைப்பு ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் டிரையரும் புதிது போட்டு, குறைந்தது அரை மணி நேரம் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி வேக்யூம் பிடிக்க வேண்டும். அந்த வேக்யூமில் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். ஈரம் தங்கிவிட்டால் வால்வுத் துளையில் உறைந்து அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். பம்ப்பை நிறுத்திய பிறகும் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பொதுவாக 350 முதல் 500 கிராம்தான். எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். இவ்வளவு குறைந்த அளவில் 100 கிராம் கூடினாலே ஹை பக்கம் எகிறி, குளிர்ச்சி குறைந்து, கம்ப்ரஸருக்குச் சுமை ஏறும். ஸ்டிக்கரில் ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு வகை கேஸ் இருந்தால் அதில் ஆர்134ஏ ஏற்றக் கூடாது. மின்சாரக் காரின் கம்ப்ரஸருக்குச் சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் பேக் (PAG) ஆயில் ஆகாது, மின்காப்பைக் கெடுக்கும். அதன் ஆரஞ்சு நிற வயர்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் ஓடுகிறது, பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. பெயர் தெரியாத மலிவு சிலிண்டரும் வேண்டாம். மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் அலுமினியத்தோடு வினைபுரிந்து, 2011-ல் கப்பலில் சரக்கு ஏற்றும் குளிர்பெட்டிகள் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கேஸ் ஏற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகும்.

பில்லில் எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த கோடையில் குளிர்ச்சி குறைந்தால் ரெக்கவரி மெஷின் உள்ள கடையில் பழைய கேஸை வெளியே எடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றியது 450, வந்தது 430 என்றால் கேஸைக் குறை சொல்ல முடியாது, கண்டென்சரையும் ஃபேனையும் பாருங்கள். வந்தது 250 என்றால் ஓட்டை இன்னும் இருக்கிறது, நைட்ரஜனை மாட்டச் சொல்லுங்கள்.